மூச்சில் வராத நாற்றம்

முதலில் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 2000-களின் தொடக்கத்தில் வெளிவந்த பல ஆய்வுக் கட்டுரைகள், பாலூட்டிகளின் ரத்தத்தில் ஹைட்ரஜன் சல்ஃபைடு 30 முதல் 300 மைக்ரோமோலார் வரை இருப்பதாகச் சொல்லின. அழுகிய முட்டையின் நாற்றத்துக்குக் காரணமான அதே வாயுதான் இது. இருப்பதிலேயே குறைந்த எண்ணான 30-ஐ எடுத்துக்கொள்வோம். ரத்தத்தின் இயல்பான காரத்தன்மையில் அதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கரைந்த வாயுவாகவும், மீதி ஹைட்ரோசல்ஃபைடு அயனியாகவும் இருக்கும். நுரையீரலில் ரத்தமும் காற்றும் சந்திக்கும் இடத்தில், 37 டிகிரி வெப்பத்தில், அந்தக் கரைந்த வாயுவுக்கு ஈடாகக் காற்றில் எவ்வளவு இருக்க வேண்டும்? ஹென்றி விதியைப் போட்டால் கிட்டத்தட்ட 100 பிபிஎம் என்று விடை வருகிறது. பத்து லட்சம் பங்கு காற்றில் நூறு பங்கு.

மனித மூக்கு இந்த வாயுவை 0.01 பிபிஎம் அளவிலேயே கண்டுகொள்ளும். 100 பிபிஎம் என்பது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிறுவனம் 'உயிருக்கு உடனடி ஆபத்து' என்று வரையறுத்திருக்கும் அளவு. அந்தக் கட்டுரைகள் சொன்னது உண்மையென்றால், நாம் விடும் ஒவ்வொரு மூச்சிலும் பக்கத்தில் இருப்பவரைக் கொல்லக்கூடிய வாயு இருந்திருக்க வேண்டும். நம் மூச்சில் அப்படி ஒரு நாற்றமே இல்லை.

இந்த முரண்பாட்டை 2008-ல் இரண்டு குழுக்கள் தனித்தனியாக எடுத்துக்காட்டின. மின்முனை உணரியைக் கொண்டு முதுகெலும்புள்ள பல விலங்குகளின் ரத்தத்தை அளந்த கென்னத் ஓல்சனின் குழு, சொல்லப்பட்ட அளவின் அருகில்கூட எதுவும் இல்லை என்றது. குடல் வாயுக்களைப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்தவரான மைக்கேல் லெவிட்டின் குழு, எலியின் மூளையையும் கல்லீரலையும் வாயுப் பகுப்புமுறையில் சோதித்து, அங்கே சுதந்திரமாக இருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு 15 நானோமோலார் அளவுதான் என்று கண்டது. நானோமோலார் என்பது மைக்ரோமோலாரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதுவரை எல்லோரும் நம்பியிருந்த எண்கள் ஆயிரக்கணக்கான மடங்கு பெரியவையாக இருந்தன.

எண் தவறாக இருந்ததால் என்ன ஆகிவிட்டது என்று கேட்கலாம். அந்த எண்ணை நம்பித்தான் ஆய்வகங்கள் செல்களுக்கும் எலிகளுக்கும் இந்த வாயுவைக் கொடுத்து, 'இது உடலின் இயல்பான அளவுதான்' என்று எழுதின. அளப்பதில் நேர்ந்த தவறு, கொடுப்பதிலும் தவறாக வளர்ந்தது. இந்த வாயுவின் உயிரியலைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் அதை எப்படி அளக்கிறார்கள், எப்படிக் கொடுக்கிறார்கள் என்ற இரண்டையும் சேர்த்தேதான் பார்க்க வேண்டும்.

அதற்கு முன்னால், இது எவ்வளவு கொடிய வாயு என்பதைச் சொல்லாமல் நகர முடியாது. ஸ்வீடன் வேதியியலாளர் ஷீலே 1770-களில் இதை முறையாக விவரித்தார். அதற்கும் முன்பே, இத்தாலிய மருத்துவர் ராமசீனி, மலக்குழி சுத்தம் செய்பவர்களின் கண்கள் வீங்கிச் சிவந்து பார்வை கெடுவதைப் பதிவுசெய்திருந்தார். நம் செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் கடைசிப் படியில் சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸ் என்ற நொதி நிற்கிறது. ஹைட்ரஜன் சல்ஃபைடு அதைப் பற்றிக்கொண்டு முடக்கிவிடும். ரத்தத்தில் ஆக்சிஜன் இருந்தும் செல் மூச்சுத் திணறும். சயனைடு கொல்வதும் இதே இடத்தில்தான்.

இதில் இன்னொரு கொடுமை, மூக்கே ஏமாற்றிவிடும் என்பது. சிறிய அளவில் குமட்டும் நாற்றம், 100 பிபிஎம் அளவைத் தாண்டினால் சில நிமிடங்களில் தெரியாமல் போய்விடும். நுகரும் நரம்பு மரத்துவிடுகிறது. நாற்றம் போய்விட்டது, இனி இறங்கலாம் என்று நினைப்பவர் சாவுக்குள் இறங்குகிறார். 500 பிபிஎம் அளவுக்கு மேல் நினைவு தப்பும். ஆயிரத்தை நெருங்கினால் ஓரிரு மூச்சிலேயே விழுந்துவிடுவார்கள். இந்த வாயு காற்றைவிடக் கனமானது. அதனால் மூடிக் கிடக்கும் கழிவுநீர்த் தொட்டியின் அடியில் தேங்கி நிற்கும். கழிவு கிளறப்படும்போது குபீரென்று மேலும் வெளியேறும். முதலில் இறங்கியவர் விழ, அவரைத் தூக்க இறங்கியவரும் விழ, மூன்றாமவரும் விழுந்தார் என்று நம் நாளிதழ்களில் ஆண்டுதோறும் படிக்கிறோம். அரசின் கணக்குப்படியே இத்தகைய மரணங்கள் அதிகம் பதிவான மாநிலங்களின் முன்வரிசையில் தமிழ்நாடு நிற்கிறது. பாதுகாப்பு இல்லாமல் மனிதரைக் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. இறந்தவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. இழப்பீடு தேவைப்படும் நிலையே வரக்கூடாது. இந்த வாயுவை அறிவிக்கும் கையடக்கக் கருவி இன்று எளிதாகக் கிடைக்கிறது. ஆளை இறக்காமல் சுத்தம் செய்யும் இயந்திரங்களும் இருக்கின்றன. இந்த மரணங்களுக்கு அறியாமையைக் காரணம் காட்ட இனி யாருக்கும் உரிமையில்லை.

இப்படிப்பட்ட ஒரு நஞ்சை உடல் தானே தயாரிக்கிறது என்ற செய்தி விஞ்ஞானிகளை வந்தடைந்த வழி விசித்திரமானது. கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் எண்ணெய், எரிவாயுக் கிணறுகள் அதிகம். இந்த வாயு தாக்கி இறப்பவர்களும் உண்டு. நஞ்சு மூளையில் எவ்வளவு ஏறுகிறது என்று அறிய அங்கே 1989-ல் எலிகளில் சோதனை நடந்தது. ஒப்பிடுவதற்காக வைத்திருந்த, நஞ்சே ஏறாத எலிகளின் மூளையிலும் சல்ஃபைடு இருந்தது. வெளியிலிருந்து வராதது உள்ளே எப்படி வந்தது?

1996-ல் கசுவோ அபே, ஹிடியோ கிமுரா என்ற இரு ஜப்பானிய ஆய்வாளர்கள் இதற்குப் பதில் சொன்னார்கள். மூளையில் உள்ள ஒரு நொதி, சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்திலிருந்து ஹைட்ரஜன் சல்ஃபைடை உருவாக்குகிறது; அது நினைவோடு தொடர்புடைய ஹிப்போகேம்பஸ் பகுதியில் நரம்புச் சந்திப்புகள் வலுப்பெற உதவுகிறது. மறு ஆண்டே அது ரத்தக்குழாய்த் தசையைத் தளர்த்துவதையும் கிமுராவின் குழு காட்டியது. நைட்ரிக் ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக உடலில் தூது போகும் மூன்றாவது வாயு இதுதான் என்று 2002-ல் ரூய் வாங் வாதிட்டார். நைட்ரிக் ஆக்சைடு ஆராய்ச்சிக்கு 1998-ல் நோபல் பரிசு கிடைத்திருந்த சூழலில் அந்த வாதத்துக்குப் பெரிய வரவேற்பு இருந்தது. 2008-ல், இந்த வாயுவை உருவாக்கும் நொதிகளில் ஒன்றான சிஸ்டாதயோனின் காமா லையேஸ் இல்லாமல் பிறந்த எலிகளுக்கு வயது ஏற ஏற ரத்த அழுத்தம் கூடுவதாக வாங், சாலமன் ஸ்னைடர் குழுக்கள் அறிவித்தன. அதே நொதி இல்லாத எலிகளை வேறு வழியில் உருவாக்கிய ஒரு ஜப்பானியக் குழு, தன் எலிகளில் அந்த ரத்த அழுத்தத்தைக் காணவில்லை. இத்துறையில் இப்படிப்பட்ட மோதல்களுக்குப் பஞ்சமில்லை.

அபேயும் கிமுராவும் மூளைத் துண்டுகளுக்குக் கொடுத்த அளவைப் பாருங்கள்: 130 மைக்ரோமோலார் வரை. அன்று மூளையில் இருப்பதாக நம்பப்பட்ட அளவு அதே வரிசையில் இருந்ததால் யாருக்கும் அது உறுத்தவில்லை.

அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது? 1883-ல் ஜெர்மன் வேதியியலாளர் எமில் ஃபிஷர் கண்ட ஒரு வினையிலிருந்து வந்தது. அமிலத்தில் கரைந்த ஒரு அமீன் சேர்மத்தோடு ஃபெர்ரிக் குளோரைடைச் சேர்த்தால், அங்கே சல்ஃபைடு இருக்கும்போது மெத்திலீன் நீலம் உருவாகும். நீலத்தின் அடர்த்தியை அளந்தால் சல்ஃபைடின் அளவு கிடைத்துவிடும். நதிநீருக்கும் சாக்கடைநீருக்கும் அருமையான சோதனை இது. ரத்தத்துக்கும் திசுவுக்கும் கொண்டுவந்தபோதுதான் சிக்கல். இந்தச் சோதனைக்கு வலுவான அமிலம் வேண்டும். நம் மைட்டோகாண்ட்ரியாவில் இரும்பும் கந்தகமும் சேர்ந்த கொத்துகளைச் சுமக்கும் புரதங்கள் ஏராளம். அமிலம் பட்டவுடன் அவை உடைந்து கந்தகத்தை விட்டுவிடும். சோதனைக் குழாய் அதையும் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்றே எண்ணும். போதாததற்கு, ஒன்றிரண்டு மைக்ரோமோலாருக்குக் கீழே இந்த நீலம் நம்பத்தக்கதாக இல்லை. சாய மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அளவீட்டைக் கெடுக்கும். ரத்தத் திரவத்தின் கலங்கலும் நிறமும் தம் பங்குக்குக் கெடுக்கும்.

அமிலம் கெடுக்கிறதென்றால் காரத்துக்குப் போகலாமே என்றால், அங்கேயும் பள்ளம்தான். சல்ஃபைடு அயனியை உணரும் சிலவகை மின்முனைகளுக்கு மாதிரியைக் கடும் காரக் கரைசலில் இட வேண்டும். அந்தக் காரம் புரதங்களின் சிஸ்டீனைப் பிய்த்துச் சல்ஃபைடை வெளியே எடுக்கிறது. காத்திருக்கக் காத்திருக்க எண் ஏறிக்கொண்டே போகும். எதைத் தேடுகிறோமோ அதைத் தேடும் முறையே உற்பத்தி செய்கிறது. உயிர்வேதியியலில் இதைவிட ஆழமான கண்ணி வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இதைத் தாண்ட வந்த வழிகளில் மூன்றைச் சொல்ல வேண்டும். ஒன்று, மாதிரியை அமிலத்துக்கோ கடும் காரத்துக்கோ உட்படுத்தாமல், மோனோபுரோமோபைமேன் என்ற சேர்மத்தோடு ஆக்சிஜன் குறைந்த சூழலில் வினைபுரியவிடுவது. ஒரு சல்ஃபைடு இரண்டு பைமேன்களைப் பிணைத்துக்கொண்டு, ஒளிரும் நிலையான பொருளாகிவிடும். அதைத் திரவப் பகுப்புமுறையில் பிரித்து அளக்கலாம். கிறிஸ்டோபர் கெவில் குழுவினர் இந்த முறையைச் செம்மைப்படுத்தினார்கள். சுதந்திரமாக இருப்பது, அமிலத்தில் கழன்று வருவது, கந்தகத்தோடு கந்தகமாகப் பிணைந்திருப்பது என்று உடலின் சல்ஃபைடு பல இருப்புகளாகப் பிரிந்து கிடப்பதையும் அவர்களால் தனித்தனியே அளக்க முடிந்தது. பழைய பெரிய எண்கள் இந்த இருப்புகளையெல்லாம் ஒன்றாகக் கூட்டிச் சொன்னவையாக இருக்க வேண்டும்.

இரண்டாவது வழி நுண்மின்முனை. நீரடிச் சேற்றை ஆராய்ந்தவர்கள் 1990-களில் உருவாக்கிய கருவி இது. வாயு மட்டும் ஊடுருவக்கூடிய சவ்வைத் தாண்டி உள்ளே போகும் ஹைட்ரஜன் சல்ஃபைடு அங்குள்ள ஃபெர்ரிசயனைடை மாற்றுகிறது. அந்த மாற்றம் மின்னோட்டமாகத் தெரிகிறது. எதையும் கலக்காமல், எதையும் உடைக்காமல், நொடிக்கு நொடி அளக்கலாம். ஆனால் முனை நிற்கும் ஒரு புள்ளியைத் தவிர வேறெதுவும் அதற்குத் தெரியாது.

மூன்றாவது வழிக்குப் போகும் முன் நம் நாட்டுக் கண்டுபிடிப்பு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பாடநூல்களில் அது கிடைக்கவேண்டிய இடம் கிடைக்காமல் இருக்கிறது. 1982-ல் குவாலியரில் மஞ்சா, மௌரியா, ராவ் என்ற மூன்று ஆய்வாளர்கள் குடிநீரில் மலக்கலப்பு இருக்கிறதா என்று கண்டறிய ஒரு குப்பிச் சோதனையை வடிவமைத்தார்கள். குப்பிக்குள் பெப்டோன், சோடியம் தயோசல்ஃபேட், இரும்பு உப்பு ஆகியவை ஊறிய காகிதத் துண்டு இருக்கும். கிணற்று நீரையோ குழாய் நீரையோ ஊற்றி, நம் ஊர் வெயில் தரும் வெப்பத்திலேயே ஓரிரவு வைத்தால் போதும். மலத்தோடு வரும் பாக்டீரியாக்கள் இருந்தால் அவை தயோசல்ஃபேட்டை ஹைட்ரஜன் சல்ஃபைடாக்கும். அது இரும்போடு சேர்ந்து நீரைக் கறுப்பாக்கிவிடும். நுண்ணோக்கி வேண்டாம், ஆய்வகம் வேண்டாம். உயிர்கள் வெளியிடும் இந்த வாயுவை அளக்கும் கருவிகளிலேயே அதிக மக்களுக்குப் பயன்பட்டது எது என்று கேட்டால், விலையுயர்ந்த எந்த இயந்திரத்தையும் விட்டுவிட்டு இந்தக் குப்பியைத்தான் சொல்வேன்.

இனி ஒளிரும் சாயங்கள். உயிருள்ள செல்லுக்குள், எந்த இடத்தில், எந்த நேரத்தில் இந்த வாயு பிறக்கிறது என்று பார்ப்பதுதான் இலக்கு. இதில் உள்ள இடர்ப்பாட்டை எண்ணில் சொல்லலாம். செல்லுக்குள் குளூட்டாதயோன் என்ற கந்தகச் சேர்மம் சில மில்லிமோலார் அளவில் நிறைந்திருக்கிறது. அதுவும் ஹைட்ரஜன் சல்ஃபைடைப் போலவே வினைபுரியும் தன்மை கொண்டது. 5 மில்லிமோலார் குளூட்டாதயோனுக்கு நடுவில் 15 நானோமோலார் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்றால், தேடுவதைவிடத் தேடாதது மூன்று லட்சம் மடங்குக்கும் மேல். அந்தக் கூட்டத்தைக் கண்டுகொள்ளாமல், இந்த ஒன்றை மட்டும் பார்த்து ஒளிர வேண்டும்.

2011-ஆம் ஆண்டில் இதற்கு ஒரே சமயத்தில் பல விடைகள் வந்தன. கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் கிறிஸ்டோபர் சாங் குழு, ரோடமீன் சாயத்தில் அசைடு என்ற நைட்ரஜன் தொகுதியை ஒட்டவைத்தது. அசைடு இருக்கும்வரை சாயம் ஒளிராது. ஹைட்ரஜன் சல்ஃபைடு வந்து அதை அமீனாகக் குறைத்துவிட்டால் ஒளிரும். குளூட்டாதயோன் அந்த வேலையை மிக மெதுவாகவே செய்யும். அதே ஆண்டில் ஜார்ஜியாவில் பிங்ஹே வாங் குழு இதே அசைடு உத்தியை வேறொரு சாயத்தில் காட்டியது. ஜப்பானில் நகானோவின் குழு வேறு வழியில் போனது. தாமிர அயனியைப் பிடித்து வைத்திருக்கும் சாயம் இருண்டிருக்கும். சல்ஃபைடு தாமிரத்தைப் பறித்துக்கொண்டு போனதும் வெளிச்சம் வரும்.

இவற்றில் எனக்கு மிகப் பிடித்தது மிங் ஷியானின் குழு கையாண்ட யோசனை. குளூட்டாதயோனும் சிஸ்டீனும் ஒரு முறைதான் பிணையக்கூடியவை, ஏனென்றால் அவற்றின் கந்தகத்தின் மறுமுனையில் பெரிய மூலக்கூறு ஒட்டியிருக்கிறது. ஹைட்ரஜன் சல்ஃபைடின் கந்தகத்துக்கு இருபுறமும் ஹைட்ரஜன் மட்டுமே. ஆகவே அது ஒரு முறை பிணைந்த பின்னும் இன்னொரு முறை தாக்க முடியும். அந்தக் குழுவின் சாயத்தில் இரண்டு பூட்டுகள் இருந்தன. முதல் பூட்டை யார் வேண்டுமானாலும் தொடலாம். இரண்டாவது பூட்டு, ஏற்கெனவே உள்ளே பிணைந்து நிற்கும் ஒன்று மறுபடி தாக்கினால்தான் திறக்கும். அது ஹைட்ரஜன் சல்ஃபைடால் மட்டுமே ஆகும். மூலக்கூறின் உருவத்தையே அடையாளச் சான்றாக ஆக்கிய இந்தச் சிந்தனையில் வேதியியலின் அழகு முழுவதும் இருக்கிறது.

2013-ல் சாங் குழு, செல்லுக்குள் போய் அங்கேயே தங்கிவிடும் ஒரு சாயத்தை உருவாக்கி, ரத்தக்குழாயின் உட்சுவர்ச் செல்களில் பயன்படுத்தியது. புதிய ரத்தக்குழாய் வளரத் தூண்டும் புரதத்தைக் கொடுத்ததும் செல்கள் ஒளிர்ந்தன. ஹைட்ரஜன் சல்ஃபைடை உருவாக்கும் நொதியைத் தடுத்தபோது ஒளி குறைந்தது. ஹைட்ரஜன் பெராக்சைடு உருவாவதைத் தடுத்தபோதும் குறைந்தது. வெளியிலிருந்து கொட்டிய வாயுவைப் பார்ப்பது எளிது. ஒரு செல் தன் தேவைக்குத் தானே உருவாக்கிய வாயுவைப் பார்ப்பதுதான் உண்மையான சோதனை. அதைத் தாண்டியதால் இந்த ஆய்வுக்குத் தனி மதிப்பு உண்டு.

இந்தச் சாயங்களுக்கும் எல்லை இருக்கிறது. வினை ஒரு வழிப்பாதை. ஒளிர்ந்த சாயம் மறுபடி இருளாது. ஆகவே அவை காட்டுவது இந்த நொடியின் அளவை அல்ல, சாயம் போட்டதிலிருந்து சேர்ந்த மொத்தத்தை. பல சாயங்கள் முழுதாக வினைபுரியப் பல நிமிடங்கள், சில சமயம் ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்கின்றன. அவை வாயுவைத் தின்றுதான் ஒளிர்கின்றன. நானோமோலார் அளவில் இருப்பதைத் தின்றால் செல்லுக்கு மிஞ்சுவது என்ன என்ற கேள்வியும் இருக்கிறது. அசைடு சாயங்களை நுண்ணோக்கியின் வலுவான ஒளியே சிதைத்து ஒளிரவைத்துவிடவும் கூடும்.

இனி கொடுக்கும் பக்கம். நீண்ட காலம் ஆய்வாளர்கள் பயன்படுத்தியது சோடியம் ஹைட்ரோசல்ஃபைடு என்ற உப்பு. மலிவு, எளிது, நீரில் போட்டவுடன் கரைந்து சல்ஃபைடைத் தந்துவிடும். உடலோ நொதிகளைக் கொண்டு இந்த வாயுவைச் சொட்டுச் சொட்டாக உருவாக்கி, உடனுக்குடன் எரித்தும் விடுகிறது. சொட்டுநீர்ப் பாசனத்தில் வளரும் பயிருக்கு ஏரி மதகைத் திறந்துவிட்டது போலத்தான் இந்த உப்பைக் கொட்டுவது. வெள்ளம் வந்த வேகத்தில் வடிந்தும் விடுகிறது. செல் வளர்க்கும் திறந்த தட்டில் இட்ட சல்ஃபைடில் பாதி, ஏறத்தாழ ஐந்தே நிமிடத்தில் காற்றில் போய்விடுகிறது என்று ஓல்சனின் குழு 2012-ல் அளந்து சொன்னது. 24 மணி நேரச் சோதனை என்று எழுதப்பட்ட பலவற்றில், செல்கள் வாயுவைப் பார்த்தது முதல் அரைமணி நேரம் மட்டும்தான். அந்த உப்பிலும் அதன் கரைசலிலும் பாலிசல்ஃபைடுகள் உருவாகிவிடுகின்றன. ஹைட்ரஜன் சல்ஃபைடு செய்ததாக எழுதப்பட்டவற்றுள் சில, உண்மையில் அந்தப் பாலிசல்ஃபைடுகள் செய்தவை என்று கிமுராவின் குழுவே பின்னர் காட்டியது.

அளவு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு மைட்டோகாண்ட்ரியாவே சாட்சி. மிகக் குறைந்த அளவில் ஹைட்ரஜன் சல்ஃபைடு அங்கே எரிபொருள். ஒரு நொதி அதிலிருந்து எலெக்ட்ரான்களை எடுத்து ஆற்றல் சங்கிலியில் சேர்க்கிறது. பிரான்சில் ஃபிரெடெரிக் பூயோ குழு 2007-ல் இதை மனிதச் செல்களில் காட்டியது. அளவு கூடினால் அதே சங்கிலியின் கடைசிக் கண்ணியை அதே வாயு அடைத்துவிடும். வேறு மருந்துகளில் அளவு கூடினால் பக்கவிளைவு வரும் என்கிறோம். இங்கே விளைவே தலைகீழாகிவிடுகிறது.

2005-ல் சியாட்டிலில் மார்க் ராத்தின் குழு செய்த சோதனை உலகம் முழுக்கச் செய்தியானது. 80 பிபிஎம் வாயுவைச் சுவாசித்த எலிகளின் வளர்சிதை மாற்றம் ஆறு மணி நேரத்தில் பத்தில் ஒரு பங்காகச் சரிந்தது. உடல் வெப்பம் சுற்றுப்புறத்தைவிட இரண்டு டிகிரி மட்டுமே கூடுதலாக, 15 டிகிரி வரை இறங்கியது. நல்ல காற்றுக்கு மாற்றியதும் எலிகள் இயல்பு நிலைக்குத் திரும்பின. விபத்தில் சிக்கியவர்களை இப்படி உறங்கவைத்துக் காப்பாற்றலாம் என்ற நம்பிக்கை பிறந்தது. பன்றிகளிலும் செம்மறியாடுகளிலும் செய்து பார்த்தபோது அந்த உறக்கம் வரவில்லை. பெரிய உடல் தன் வெப்பத்தை அவ்வளவு எளிதில் இழக்காது.

மெதுவாக வெளியிடும் மூலக்கூறு வேண்டும் என்ற தேவைக்கு முதல் விடைகளுள் ஒன்று 2008-ல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. பிலிப் மூரின் குழு அறிமுகப்படுத்திய ஜிஒய்ஒய் 4137 என்ற சேர்மம் நீரில் மணிக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வாயுவை விடுகிறது. எலிகளில் ரத்த அழுத்தத்தைக் குறைத்தது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் அமித் சிங் குழு, இதே சேர்மம் எச்ஐவி வைரஸ் ஒளிந்திருக்கும் செல்களில் அது மறுபடி விழித்தெழுவதைத் தடுப்பதாக 2021-ல் காட்டியது. ஒரு எச்சரிக்கையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இந்தச் சேர்மம் விற்பனைக்கு வரும் வடிவத்தில் டைகுளோரோமீத்தேன் ஒட்டியிருக்கிறது. அதை உடல் கார்பன் மோனாக்சைடாக மாற்றும். அதுவும் தூது போகும் இன்னொரு வாயு. எது எதைச் செய்தது என்று பிரிக்க, வாயுவை முழுதும் விட்டுத் தீர்ந்த பழைய கரைசலையும் ஒப்பீட்டுக்குக் கொடுத்துப் பார்க்க வேண்டும். அந்த ஒப்பீடு இல்லாத கட்டுரையை நான் பாதி நம்பிக்கையோடுதான் படிப்பேன்.

அடுத்து வந்தது இடம் பார்த்துக் கொடுப்பது. எக்ஸிடர் பல்கலைக்கழகத்தில் மேத்யூ ஒயிட்மேன் குழு உருவாக்கிய ஏபி 39, நேர்மின்னூட்டம் கொண்ட ஒரு பாஸ்பரஸ் தொகுதியைச் சுமக்கிறது. மைட்டோகாண்ட்ரியாவின் உட்புறம் எதிர்மின்னூட்டம் கொண்டது. அதனால் மூலக்கூறு தானே அங்கு போய்ச் சேருகிறது. நானோமோலார் அளவே போதுமானதாகிறது. அளவு பற்றிய பழைய தவறு திருத்தப்பட்ட பின் பிறந்த மருந்து வடிவம் என்பதை இதைப் பார்த்ததும் சொல்லிவிடலாம்.

2016-ல் ஆரிகன் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் புளூத் குழு ஒரு சுற்றுவழியைக் கண்டது. ஹைட்ரஜன் சல்ஃபைடை நேராக விடாமல் கார்போனைல் சல்ஃபைடை விடும் மூலக்கூறுகள் அவை. செல்களில் எங்கும் நிறைந்திருக்கும் கார்போனிக் அன்ஹைட்ரேஸ் என்ற நொதி அதை நொடியில் ஹைட்ரஜன் சல்ஃபைடாக மாற்றிவிடும். இந்த மூலக்கூறின் தாழ்ப்பாளை எந்தத் தூண்டுதலுக்குத் திறக்க வேண்டும் என்று வேதியியலாளர் தீர்மானிக்கலாம். புனேயில் உள்ள இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தில் ஹரிநாத் சக்ரபாணி குழு பின்னர், செல்லில் ஆக்சிஜனேற்ற அழுத்தம் கூடும்போது மட்டும் திறக்கும் வழங்கிகளை உருவாக்கியது. அழற்சி உள்ள இடத்தில் பெராக்சைடு மிகும். அங்கே மட்டும் வாயு வெளியாகும். வாயுவை விடும் அதே நொடியில் தானே ஒளிரும் அல்லது நிறம் மாறும் வழங்கிகளும் பின்னால் வந்தன. கொடுத்ததையும் கொடுத்த அளவையும் ஒரே மூலக்கூறு சொல்லிவிடுவதால், இத்துறையின் பழைய நோய்க்கு இதுவே சரியான மருந்து என்பது என் கணிப்பு.

மனிதர்கள்வரை வந்த முயற்சிகளில் மிகத் தொலைவு போனது ஒரு வலிநிவாரணி. நாப்ராக்ஸன் போன்ற மருந்துகள் வயிற்றில் புண் உண்டாக்கும் என்பது மூட்டுவலிக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். வயிற்றின் உட்படலத்தைக் காப்பதில் ஹைட்ரஜன் சல்ஃபைடுக்குப் பங்கு உண்டு என்று கண்ட கனடா ஆய்வாளர் ஜான் வாலஸ், நாப்ராக்ஸனோடு அந்த வாயுவை வெளியிடும் ஒரு பகுதியை இணைத்தார். ஒட்டெனாப்ராக்செசுல் என்று பெயர். ஆரோக்கியமான 244 பேருக்கு இரண்டு வாரம் கொடுத்து உள்நோக்கியால் பார்த்தார்கள். சாதாரண நாப்ராக்ஸன் எடுத்தவர்களில் 42 சதவீதம் பேருக்குப் புண் வந்திருந்தது; புதிய மருந்து எடுத்தவர்களில் 2.5 சதவீதம் பேருக்கு மட்டுமே. இத்தனை தெளிவான வேறுபாடு மருந்துச் சோதனைகளில் அடிக்கடி கிடைப்பதில்லை. ஆனால் நீண்ட நாள் கொடுத்த சோதனைகளில் சிலருக்குக் கல்லீரல் நொதிகள் உயர்ந்தன. மருந்தின் பாதை அங்கே சிக்கிக்கொண்டது. வயிற்றைக் காப்பாற்றியது அந்த வாயுதானா, அப்படியானால் எவ்வளவு வாயு, எந்தத் திசுவில் என்பதை மனித உடலுக்குள் நேரடியாக அளந்து காட்ட அந்தச் சோதனையிலும் வழியிருக்கவில்லை.

பூண்டைப் பற்றிக் கேட்காமல் விடமாட்டீர்கள். கேள்வி நியாயமானது. பூண்டை நசுக்கும்போது பிறக்கும் அலிசினிலிருந்து டைஅல்லைல் டிரைசல்ஃபைடு போன்ற பாலிசல்ஃபைடுகள் உருவாகின்றன. அவற்றை ரத்தச் சிவப்பணுக்கள் ஹைட்ரஜன் சல்ஃபைடாக மாற்றுவதையும், அதனால் எலியின் ரத்தக்குழாய் தளர்வதையும் அலபாமா பல்கலைக்கழகக் குழு 2007-ல் காட்டியது. பூண்டு ஒரு இயற்கையான வழங்கி என்பது உண்மை. ரசத்தில் நாலு பல் தட்டிப்போட்டால் எவ்வளவு வாயு ரத்தத்தில் எந்த நேரத்தில் வருகிறது என்பதற்கு அந்த ஆய்வில் பதில் இல்லை. சமையலுக்கு அது நல்லது. ரத்த அழுத்த மாத்திரைக்கு அது மாற்று இல்லை. மருத்துவர் எழுதிக்கொடுத்ததை நிறுத்திவிட்டுப் பூண்டு மாத்திரைக்கு மாறாதீர்கள்.

ஹைட்ரஜன் சல்ஃபைடை வெளியிடுவதற்கென்றே வடிவமைக்கப்பட்ட மருந்து எதுவும் இன்றுவரை மருந்துக்கடைக்கு வரவில்லை. அழுகிய முட்டை வாயு இந்த நோயைத் தீர்க்கிறது, அந்த நோயைத் தீர்க்கிறது என்று இனியும் செய்திகள் வரும். வரும்போது உள்ளே போய் இரண்டு விவரங்களைத் தேடுங்கள்: எந்தச் சேர்மமாக, எவ்வளவு கொடுத்தார்கள், அது செல்லைச் சேர்ந்ததை எந்த முறையில் அளந்தார்கள். இரண்டும் இருந்தால் பொறுமையாகப் படியுங்கள். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும், அந்தச் செய்தியை நம்புவதற்கு அவசரப்பட வேண்டாம்.